கூதிர்காலத்தில் ஒரு வயல்வழி
(பூதலூர்ப் பசுமையின் வரலாறு)

பள்ளிப் பாடநூலில் பருவங்களைப் பயிலும் நம் பிள்ளைகள், கோடைக்கும் குளிருக்கும் இடையே 'இலையுதிர்காலம்' என ஒன்று உண்டென்று மனப்பாடம் செய்கின்றனர். செப்டம்பர், அக்டோபர், நவம்பர் ஆகியவை அதன் மாதங்கள் என்றும் சொல்லக் கேட்கிறோம். ஆனால் அந்த மாதங்களில் தஞ்சைத் தரணியில் உள்ள பூதலூருக்கு வந்து, புகைவண்டி நிலையத்தில் இறங்கி, வடக்கு நோக்கி ஒரு நாழிகை நடந்து பாருங்கள். உதிர்ந்த இலை ஒன்றைத் தேடிப் பிடிப்பதே அரிதாயிருக்கும். கண்ணுக்கெட்டிய தொலைவெங்கும் பசுமை. ஒரு பக்கம் குறுவை அறுவடை. மறுபக்கம் சம்பா நடவு. வாய்க்கால் நிறையத் தண்ணீர். வரப்பு நெடுகப் புல். அப்படியானால் பாடநூல் கூறும் பருவம் எங்கே போயிற்று?

மேலை நாடுகளின் பருவத்திற்கு நாம் சூட்டிய பெயர், நம்முடைய பருவத்தை நம் கண்ணிலிருந்து மறைத்துவிட்டது என்பதுதான் விடை. இப்பருவத்தில் வயல்வழியே நடந்து இன்புறுவது எப்படி என்று எழுத வேண்டுமானால், முதலில் அதன் வரலாற்றைத்தான் எழுத வேண்டியிருக்கிறது. ஏனெனில், பூதலூரின் கூதிர்காலப் பசுமை வானம் மட்டும் தந்ததன்று. ஈராயிரம் ஆண்டுகளாக மனிதக் கரங்கள் மண்ணில் எழுதிய எழுத்து அது. அதனைப் படிக்க நடை ஒன்றே வழி.

பெயரில் நேர்ந்த மயக்கம்

ஆங்கிலேயர் இப்பருவத்தை இலையின் வீழ்ச்சியோடு இணைத்துப் பார்த்தனர். அவர்கள் நாட்டில் அது பொருத்தமே. 1819 செப்டம்பர் 19ஆம் நாள், இங்கிலாந்தின் வின்செஸ்டர் நகர்ப்புறத்தில் ஆற்றோரமாக நடந்து திரும்பிய கவிஞர் கீட்ஸ், அப்பருவத்தைப் பற்றித் தம் புகழ்பெற்ற கவிதையை இயற்றினார். அறுவடை முடிந்து தாள் மட்டும் நிற்கும் வயல், இளவேனிலின் பச்சையைவிடத் தமக்கு இதமாகத் தோன்றியதென்று இரண்டு நாள் கழித்து நண்பர் ஒருவருக்கு எழுதிய மடலிலும் கூறினார். முடிவின் அழகை அவர் கண்டார். அவர் நாட்டின் பருவம் அத்தகையது.

அரபு மொழியில் இப்பருவத்தின் பெயர் 'கரீப்'. கனி பறித்தல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்த சொல் அது. பேரீச்சங்குலைகளைக் கொய்து சேர்க்கும் காலம் என்பது கருத்து. ஆக, ஆங்கிலேயர் மரத்தடியில் வீழ்ந்த இலையைப் பார்த்துப் பெயரிட்டனர். அரபியரோ மரத்தின் உச்சியில் பழுத்த குலையைப் பார்த்துப் பெயரிட்டனர்.

தமிழர் இவ்விரண்டையும் பார்க்கவில்லை. உடம்பில் படும் காற்றையும் வானில் திரளும் முகிலையும் கொண்டு அவர்கள் பருவம் வகுத்தனர். ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். அதன்பின் முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுதுகள். கூதிர் என்றால் குளிர். வாடைக்காற்று வீசும் காலம். இலை உதிர்வதைப் பற்றிய பேச்சே இப்பெயரில் இல்லை. நம் நாட்டு மரங்கள் பல இலை உதிர்ப்பது மாசி, பங்குனி மாதங்களில். எனவே மேலை நாட்டாரின் இலையுதிர் மாதங்கள் நமக்குத் தளிர்க்கும் மாதங்களாகவே அமைகின்றன.

பத்துப்பாட்டில் ஒன்றாகிய நெடுநல்வாடையை இயற்றிய நக்கீரர், அரசியின் பிரிவுத் துயரைப் பாட வந்தவர். ஆயினும் முதலில் கூதிரின் ஊர்ப்புறத்தைக் காட்டிய பிறகே அரண்மனைக்குள் நுழைகிறார். மழையில் நனைந்த இடையர் தம் மந்தையை மேட்டு நிலத்துக்கு ஓட்டிச் சென்று, குளிரில் நடுங்கித் தீக்காய்கின்றனர். புதர்தோறும் முசுண்டையின் வெள்ளைப் பூவும் பீர்க்கின் பொன்னிறப் பூவும் மலர்கின்றன. சேற்றில் மீன் தேடிக் கொக்கும் நாரையும் காத்திருக்கின்றன. இவற்றையெல்லாம் ஊருக்கு வெளியே கால்நடையாகச் சென்று கண்டவரே எழுத முடியும். இன்றும் ஐப்பசியில் பூதலூர் வட்டாரத்து வேலியோரங்களில் பீர்க்கங்கொடியின் மஞ்சள் பூவை மாலை நேரத்தில் காணலாம். பாட்டு பழையதாயினும் பருவம் அதேதான்.

பிறையும் பசலியும்

பருவத்தின் கணக்கு முஸ்லிம் இல்லங்களுக்குத் தனிப்பட்ட ஒரு பொருளும் உடையது. நம் ஹிஜ்ரி ஆண்டு பிறையைக் கொண்டு நடப்பது. அதற்கு ஏறத்தாழ 354 நாட்கள். சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நாட்கள் குறைவு. ஆதலின் ரமலானும் ஹஜ்ஜும் எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்து, ஏறத்தாழ 33 ஆண்டுகளில் தொடங்கிய பருவத்தையே மீண்டும் அடைகின்றன. நாகூர்க் கந்தூரி நடைபெறும் ஜமாதுல் ஆகிர் மாதமும் அவ்வாறே. அண்மைய ஆண்டுகளில் அம்மாதம் கார்த்திகை, மார்கழியை ஒட்டி வருவதால், தஞ்சை வழியாக நாகூர் செல்வோர் நெற்பயிரின் பசுமைக்கிடையே பயணம் செய்கின்றனர். இன்னும் சில ஆண்டுகளில் அதே பயணம் புரட்டாசிக்கும் ஆவணிக்கும் பின்னோக்கி நகர்ந்துவிடும்.

வணக்கத்திற்குப் பிறைக்கணக்கு போதும். வயலுக்கு அது போதாது. பயிர் விளையும் முன்னரே வரி கேட்டால் உழவன் எங்கே போவான்? இந்த இடர்ப்பாட்டை மொகலாய அரசு உணர்ந்தது. அக்பர் ஆட்சிக் காலத்தில், அறுவடையோடு பொருந்திவரும் ஒரு வருவாய் ஆண்டு வகுக்கப்பட்டது. அதுவே 'ஃபஸ்லி'. பருவம், விளைச்சல் என்னும் பொருளுடைய 'ஃபஸ்ல்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்த பெயர். இதுவே நம் தஞ்சை உழவர் நாவில் 'பசலி' ஆயிற்று. கிராமக் கணக்கிலும் அடங்கலிலும் ஜமாபந்தியிலும் இன்றளவும் வழங்குவது இதுதான். ஜூலை முதல் நாள் தொடங்கி அடுத்த ஜூன் 30 வரை ஒரு பசலி. 2024 ஜூலை முதல் 2025 ஜூன் முடிய 1434ஆம் பசலி.

வடநாட்டு விளைச்சலைக் 'கரீப்', 'ரபி' என இரண்டாகப் பிரித்ததும் அந்நாளைய வருவாய்த் துறை வழக்கே. கூதிரில் அறுவடையாவது கரீப். வசந்தத்தில் அறுவடையாவது ரபி. பேரீச்சை நாட்டில் பிறந்த சொற்கள் நெல் நாட்டின் அரசு ஆவணங்களில் குடியேறிவிட்டன! ஆயினும் காவிரிப் படுகை தன் சொந்தப் பெயர்களை விட்டுவிடவில்லை. குறுவை, சம்பா, தாளடி என்ற மூன்று சொற்களில் இந்நாட்டின் ஆண்டு முழுவதும் அடங்கிவிடுகிறது. குறுவை ஆனி வாக்கில் நடப்பட்டுப் புரட்டாசி, ஐப்பசியில் அறுவடையாகும். சம்பா ஆவணி, புரட்டாசியில் தொடங்கித் தை மாதத்தில் களத்துக்கு வரும். குறுவையின் தாள் நின்ற வயலிலேயே மீண்டும் உழுது நடுவது தாளடி. ஆகவே கூதிர் தொடங்கும் வேளையில் ஒரு வயல் பொன்னிறமாகவும், அடுத்த வயல் கரும்பச்சையாகவும், மூன்றாவது வயல் வானத்தைப் பிரதிபலிக்கும் சேற்று நீராகவும் காட்சி தரும். முடிவும் நடுவும் தொடக்கமும் ஒரே வரப்பில் நின்று காணக் கிடைக்கும் இத்தகைய பருவம் உலகில் எத்தனை நாடுகளுக்கு வாய்த்திருக்கிறது?

கவுந்தியடிகள் சொன்ன வழி

காவிரிக் கரையில் நடந்தவர்களின் வரலாற்றைத் தேடினால், சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதை முன்னே வந்து நிற்கிறது. புகாரை விட்டு நீங்கிய கோவலனும் கண்ணகியும் சமண முனிவராகிய கவுந்தியடிகளோடு சேர்ந்து, காவிரியின் வடகரை வழியே மேற்கு நோக்கி நடக்கின்றனர். ஆற்றின் தென்கரையில் சற்று உள்ளே தள்ளியிருப்பது பூதலூர்ப் பகுதி.

புறப்படுமுன் கவுந்தியடிகள் வழியின் இடர்களை எடுத்துரைக்கிறார். சோலை வழியே சென்றால், கிழங்கு தோண்டிய குழிகளை உதிர்ந்த பூந்தாது மூடியிருக்கும்; கால் இடறும். தப்பி நடந்தால் தொங்கும் பலாக்கனி முட்டும். வயல் வழியே சென்றால், நீர்நாய் கௌவிய மீன் துள்ளுவதைக் கண்டு கண்ணகி அஞ்சக்கூடும். கரும்பில் கட்டிய தேனடை உடைந்து வாய்க்கால் நீரில் கலந்திருக்கும். தாகத்தில் அதனை அறியாமல் அள்ளிப் பருகக்கூடும். வரப்பில் நண்டும் நத்தையும் இருக்கும். காலடியில் பட்டு அவை மடிந்தால் அந்தத் துயரம் பொறுக்க முடியாதது.

ஊர்ப்புற நடைக்கு இதனினும் சிறந்த இலக்கணம் இருக்கிறதா? அழகை மட்டும் பார்த்துக்கொண்டு நடக்காதே, உன் காலடியில் என்ன இருக்கிறதென்றும் பார் என்கிறார் அம்முனிவர். கொல்லாமை அவர் சமயத்தின் உயிர்நாடி. ஆனால் வரப்பில் நடக்கத் தெரிந்த எந்த உழவனும், எச்சமயத்தவனாயினும், இதே பாடத்தைத்தான் தன் மகனுக்குச் சொல்லித் தருகிறான். வரப்பை மிதித்துச் சரிக்காதே. திறந்த மடையை மூடாதே, மூடிய மடையைத் திறக்காதே. நாற்றங்காலில் கால் வைக்காதே.

அதே காதை வயல்வெளிப் பறவைகளையும் வரிசைப்படுத்துகிறது. சம்பங்கோழி, நாரை, அன்னம், கொக்கு, நீர்க்காக்கை, உள்ளான், தாரா எனப் பட்டியல் நீள்கிறது. உழத்தியர் பாடும் புதுப்பாட்டும், ஏர் பூட்டியோர் பாடும் ஏர்மங்கலமும், நெல் அடிப்போர் பாடும் முகவைப் பாட்டும் அங்கே ஒரே சமயத்தில் ஒலிக்கின்றன. உழவும் அறுவடையும் ஒன்றையொன்று அடுத்து நிகழும் இக்காட்சி காவிரி நாட்டின் பழைய அடையாளம் என்பதற்கு இதுவே சான்று.

இந்த மருதக் காட்சி தமிழர் உள்ளத்தில் எவ்வளவு ஆழமாகப் பதிந்ததென்பதற்கு நம் இலக்கியத்திலேயே சான்று உண்டு. 17ஆம் நூற்றாண்டின் உமறுப் புலவர் தம் சீறாப்புராணத்தின் விலாதத்துக் காண்டத்தில் நாட்டுப் படலம் பாடுகிறார். பாடப்படும் நாடு அரபு நாடு. ஆனால் அங்கே முகில் கடல்நீரை முகந்து மலையில் பொழிகிறது. வெள்ளம் பெருகி வயலில் பாய்கிறது. நடவும் களைபறிப்பும் அறுவடையும் நடைபெறுகின்றன! புலவர் வாழ்ந்த எட்டயபுரமோ கரிசல் மண்; அவரை ஆதரித்த வள்ளல் சீதக்காதியின் கீழக்கரையோ மணற்பாங்கான கடற்கரை. வறண்ட நிலத்தில் இருந்துகொண்டு அவர் பாலைவனத்தில் நெல் விளைவித்தார். தமிழ்க் காப்பிய மரபு வகுத்த வழி அது என்பது உண்மையே. அம்மரபின் உள்ளே உறைவது மற்றோர் உணர்வு. தாம் போற்றும் நாட்டுக்கு ஒரு தமிழன் தரக்கூடிய மிக உயர்ந்த அணி, நீர் நிறைந்த வயலே என அவர் கருதினார்.

வடக்கே நடந்தால் பின்னே செல்லும் காலம்

இனிப் பூதலூருக்கு வருவோம். தஞ்சையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் புகைவண்டிப் பாதையில் அமைந்த ஊர் இது. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சைக்கு 1861இலும், தஞ்சையிலிருந்து திருச்சிக்கு 1862இலும் அப்பாதை திறக்கப்பட்டது. அதற்கு முன் இந்நாட்டில் நெடுவழி என்பது பெரும்பாலோர்க்குக் கால்வழியே. நடந்து வருவோர்க்குச் சோறும் நிழலும் தருவதற்காகவே மராத்திய மன்னர்கள் சத்திரங்களைக் கட்டினர். ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி 1802இல் நிறுவிய முத்தம்பாள் சத்திரம் அவற்றுள் பெயர் பெற்றது.

பூதலூர் இருவேறு நிலங்கள் சந்திக்கும் இடம். தெற்கே செங்கிப்பட்டி, வல்லம் பக்கம் போனால் மேட்டு நிலம்; செம்மண்; மழையையும் ஏரியையும் நம்பிய வேளாண்மை. முதல் மழை பெய்த மறுநாள் அந்தச் செம்மண்ணில் பட்டுத் துணுக்குகள் போலத் தம்பலப் பூச்சிகள் ஊர்வதைப் பிள்ளைகள் கையில் ஏந்தி விளையாடுவர். வடக்கே போனால் ஆற்று வண்டல். காவிரி நாட்டின் உள்ளகம். இங்கிருந்து திருக்காட்டுப்பள்ளிக்குப் பத்துக் கிலோமீட்டருக்கு உட்பட்ட வழி. அவ்வழியே நடப்பவர், தாம் அறியாமலே வரலாற்றில் பின்னோக்கி நடக்கிறார்.

முதலில் எதிர்ப்படுவது கல்லணைக் கால்வாய். மக்கள் வழக்கில் புது ஆறு. பெயரே அதன் வயதைச் சொல்லிவிடுகிறது. மேட்டூர் அணையின் வேலை 1925இல் தொடங்கி 1934 ஆகஸ்டில் அணை திறக்கப்பட்டபோது, அத்திட்டத்தின் ஒரு பகுதியாக வெட்டப்பட்ட கால்வாய் இது. கல்லணையில் பிறந்து தஞ்சை நகரின் ஊடாக ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகள் வரை ஏறத்தாழ 148 கிலோமீட்டர் செல்கிறது. அதற்கு முன் காவிரி நீரே காணாத மேட்டு நிலங்கள் இதனால் நஞ்சை ஆயின. 1934க்கு முன் அந்நிலங்களில் நடந்தவர் கூதிர்காலத்தில் கண்டிருக்கக்கூடியது மானாவாரிப் பயிரும் புன்செய்க் காடுமே. நாம் இன்று 'இயற்கை' என்று கண்டு மகிழும் பசுமையின் ஒரு பாதிக்கு இன்னும் நூறு வயதுகூட நிரம்பவில்லை.

அடுத்து வருவது வெண்ணாறு. இது காவிரியின் கிளை. கீழே தென்பெரம்பூரில் வெட்டாறும் வடவாறும் இதிலிருந்து பிரிகின்றன. இன்னும் வடக்கே சென்றால் திருக்காட்டுப்பள்ளி. அங்கே காவிரியிலிருந்து குடமுருட்டி பிரிகிறது. இவற்றுக்கெல்லாம் தலைவாயில் மேற்கே உள்ள கல்லணை. முக்கொம்பில் பிரிந்த காவிரியும் கொள்ளிடமும் திருவரங்கத்தை அணைத்துக்கொண்டு ஓடி, இவ்விடத்தில் மீண்டும் நெருங்கி வருகின்றன. கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது. தடுப்பார் இல்லையெனில் காவிரி நீர் அதில் வழிந்து வீணே கடலைச் சேரும். கரிகால் சோழன் பெயரோடு இணைத்துப் பேசப்படும் கல்லணை அந்த ஒழுக்கைத் தடுத்தது. ஆற்று மணலில் கற்களை அடுக்கிக் களிமண்ணால் பிணைத்த, 1080 அடி நீளமுள்ள வளைந்த அணை அது.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரிப் படுகை மணலால் மேடாகிக் கொள்ளிடமே பெரும்பகுதி நீரைக் கொண்டு சென்றபோது, தஞ்சை நாடு வறண்டுபோகும் நிலை ஏற்பட்டது. பொறியாளர் ஆர்தர் காட்டன் முதலில் கல்லணையில் மணற்போக்கிகள் அமைத்தார். பின்னர் 1836இல் முக்கொம்பில் மேலணையைக் கட்டும் பணியைத் தொடங்கினார். ஆழம் காண முடியாத மணலில் எவ்வாறு அடித்தளம் இடுவது என்பதைக் கல்லணை கட்டிய பழந்தமிழரிடமிருந்தே கற்றுக்கொண்டதாக அவர் வெளிப்படையாகக் குறிப்பிட்டார். வென்ற நாட்டின் பொறியாளர் தோற்ற நாட்டின் கொத்தனுக்கு மாணவரானார்!

ஆக, புது ஆறு, வெண்ணாறு, காவிரி எனச் சிறு தொலைவுக்குள் நடப்பவர், 1934இலிருந்து கரிகாலன் காலம் வரை நடந்துவிடுகிறார். ஒவ்வொரு மதகும் ஒரு முடிவின் நினைவு. ஒவ்வொரு வாய்க்காலும் யார் எவ்வளவு நீர் பெறுவது என்பது குறித்து ஊரும் ஊரும் செய்துகொண்ட உடன்பாட்டின் தடம்.

விடியல் நடை

தொல்காப்பியர் ஒவ்வொரு நிலத்திற்கும் உரிய பொழுதைச் சொல்லும்போது, மருதத்திற்கு வைகறையையும் விடியலையும் உரியதாக்கினார். சுபுஹுத் தொழுகை முடித்துப் பள்ளிவாசலை விட்டு வெளிவரும் வேளையே அது. வயலைக் காண அதனினும் நல்ல நேரம் இல்லை.

அவ்வேளையில் வாய்க்கால் கரையில் என்னென்ன காணலாம்? ஆற்றுப்படுகையில் நாணல் வெண்சாமரம் வீசி நிற்கும். வேலிகளில் செங்காந்தள் நெருப்புச் சுடர்போல் மலர்ந்திருக்கும். குட்டைகளில் அல்லி இதழ் குவியத் தொடங்கும். உழுத சேற்றில் அரிவாள் மூக்கனும் உண்ணிக்கொக்கும் உழுபவரின் பின்னாலேயே நடந்து புழுவைப் பொறுக்கும். நத்தைகுத்தி நாரை தன் இடைவெளியுள்ள அலகால் நத்தையைப் பிளந்து உண்ணும். மடையருகே மடையான் அசையாமல் நிற்கும், பெயருக்கேற்ற இடம்தான். கானாங்கோழி வரப்பைக் கடந்து ஓடி நாணலில் மறையும்.

இவற்றோடு விருந்தினரும் உண்டு. வட நாடுகளில் குளிர் தொடங்கியதும் தகைவிலான், உள்ளான், வாலாட்டிக் குருவி முதலியன வலசை வந்து இவ்வயல்களில் தங்கும். வடக்கே இலை உதிர்கிறது என்ற செய்தியைத் தஞ்சை வயலுக்குக் கொண்டுவரும் தூதர்கள் இவையே எனலாம். அங்கே உணவு ஒழிந்த பருவத்தில் இங்கே சேறும் நீரும் பூச்சியும் பெருகுகின்றன. இரண்டு பருவங்களையும் ஒரு சிறு பறவையின் சிறகு இணைக்கிறது. படைத்தவனின் ஏற்பாட்டை எண்ணி வியப்பதற்கு இக்காட்சி ஒன்றே போதாதா?

அழகின் மறுபக்கம்

ஆயினும் வேடிக்கை பார்ப்பவன் கண்ணும் உழவன் கண்ணும் ஒன்றல்ல. 'ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை' என்பது பழமொழி. கீழ்வானில் கருமுகில் திரளும்போது நடப்பவன் உள்ளம் குளிர்கிறது. குறுவை அறுத்துக் களத்தில் போட்டவன் உள்ளம் பதைக்கிறது. கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேல் இருத்தல் கூடாது என்பது பொது விதி. மழை பெய்யும் நாட்களில் அதனை எப்படிக் காய்ச்சுவது? சாலையோரங்களில் நெல்லைப் பரப்பி, வெயில் ஒரு நாழிகை தலைகாட்டாதா என வானத்தைப் பார்த்துக் காத்திருக்கும் குடும்பங்களை இப்பருவத்தில் நடக்கும் எவரும் காணாமல் இருக்க முடியாது. விதியைத் தளர்த்தக் கோரி ஆண்டுதோறும் உழவர் குரல் எழுவதும் இதனாலேயே.

புயலும் இப்பருவத்தின் பிள்ளையே. 1952 நவம்பர் 30ஆம் நாள் நாகப்பட்டினத்தருகே கரை கடந்த புயல் தஞ்சை மாவட்டத்தைக் குலைத்தது. 1977 நவம்பர் 12ஆம் நாள் நாகைக்குத் தெற்கே வீசிய புயல் கடற்கரையை அழித்ததோடு, உள்நாட்டில் திருச்சியையும் வெள்ளத்தில் ஆழ்த்தியது. 2018 நவம்பர் 16ஆம் நாள் வந்த கஜாப் புயல், கல்லணைக் கால்வாயின் கடைமடைப் பகுதிகளான பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களில் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்தது. ஒரு தலைமுறை வளர்த்த மரம் ஓர் இரவில் வீழ்ந்தது. நம் நாட்டில் கூதிரில் இலை உதிர்வதில்லை. சில ஆண்டுகளில் மரமே உதிர்கிறது.

மழைக்கு அஞ்சுவது ஒரு துன்பம்; நீர் வாராமை மற்றொரு துன்பம். மேட்டூர் அணையை ஜூன் 12ஆம் நாள் திறப்பது மரபு. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்நாளில் திறக்க இயலவில்லை. 2020இல்தான் மீண்டும் அம்மரபு கைகூடியது. 2024இல் ஜூலை மாத இறுதியிலேயே அணை திறந்தது. நடுவர் மன்றத்தின் இறுதித் தீர்ப்பு 2007இலும், உச்சநீதிமன்றத் தீர்ப்பு 2018இலும் வந்தன. பின்னதன்படி அண்டை மாநிலம் தமிழகத்துக்குத் திறந்துவிட வேண்டிய நீர் ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. ஆனால் தீர்ப்பில் உள்ள எண் மடையில் நீராக வருவதற்கு, வானமும் வேண்டும். அண்டை மாநிலத்தின் மனமும் வேண்டும். ஆனியில் ஆறு வரவில்லையெனில் குறுவை இல்லை. குறுவை இல்லையெனில் கூதிரின் அந்தப் பொன்னிறம் இல்லை. மூவண்ணக் காட்சியில் ஒரு வண்ணம் அழிந்துபோகும். பார்ப்பவனுக்கு அது ஒரு வண்ணத்தின் இழப்பு. பயிரிட்டவனுக்கு ஓராண்டுச் சோறு.

கரையிலும் மாற்றம் வந்துகொண்டிருக்கிறது. கல்லணைக் கால்வாயைப் புதுப்பிக்கும் பெருந்திட்டத்திற்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. கடைமடைக்கு நீர் குறையாமல் சேர வேண்டும் என்பது அதன் நோக்கம், நியாயமான நோக்கம். எனினும் கால்வாயின் தளமும் கரையும் கான்கிரீட்டால் மூடப்பட்டால் நீர் மண்ணில் ஊறுவது நின்று, கிணறுகள் வற்றும் என உழவர் பலர் அஞ்சிக் குரல் கொடுத்தனர். கடைமடை உழவனின் தாகமும் தலைமடை உழவனின் கிணறும் எதிரெதிரே நிற்கும் இவ்வழக்கில், கரையோரமாக நடந்து பார்த்தவரே இரு பக்கத்தையும் உணர்ந்து பேச முடியும்.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு

இவ்வரலாறு தமிழ் முஸ்லிம் குடும்பங்களுக்கு அயலானதன்று. அய்யம்பேட்டை, வழுத்தூர், இராஜகிரி, பண்டாரவாடை முதலிய ஊர்களில் காவிரிக் கிளையாறுகளின் நீரால் வெற்றிலைக் கொடிக்கால் வளர்த்த முன்னோர் நம்மவர். அகத்தியில் கொடியேற்றி, கூதிர் மழையில் நீர் தேங்காமல் வடிகால் எடுத்து, வாடையில் கொடி வாடாமல் காத்தவர்கள் அவர்கள். பருவத்தின் ஒவ்வோர் அசைவும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பின்னர் பினாங்கும் சிங்கப்பூரும் அழைத்தன. அதன்பின் வளைகுடா நாடுகள் அழைத்தன. குடும்பம் தழைத்தது, வீடு உயர்ந்தது. நிலம் மட்டும் பலருக்குக் குத்தகைச் சீட்டிலும் பசலி ரசீதிலும் எஞ்சியது. தந்தை பணிபுரியும் அயல்நாட்டு நகரின் தெருப்பெயர்களை அறிந்த பிள்ளை, தன் வீட்டுக் கொல்லைக்குப் பின்னே ஓடும் வாய்க்காலின் பெயரை அறியாமல் வளர்கிறது.

இது வெறும் ஏக்கப் பேச்சன்று. தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களையும் கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில பகுதிகளையும் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாக அறிவித்து 2020இல் தமிழக அரசு சட்டம் இயற்றியது. சட்டம் நிலத்தைக் காக்கும். ஆனால் பெயர் தெரியாத வாய்க்காலுக்காக யார் பரிந்து பேசுவார்? அது தூர்ந்துபோனாலும், ஆக்கிரமிக்கப்பட்டாலும், கழிவுநீர் கலந்தாலும், அதன் கரையில் ஒருமுறையேனும் நடந்தவருக்கே நெஞ்சு வலிக்கும். நடை என்பது பொழுதுபோக்கு மட்டுமன்று. உரிமையின் முதற்படியும் அதுவே.

ஆதலின் விடுமுறைக்கு ஊர் திரும்பும் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். ஐப்பசியிலோ கார்த்திகையிலோ மழை விட்ட ஒரு விடியலில் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். பூதலூரானால் திருக்காட்டுப்பள்ளிச் சாலையில் வடக்கு நோக்கி. வேறு ஊரானால் அந்தந்த ஊரின் வாய்க்கால் கரையில். இது குறுவை அறுத்த தாள், இது சம்பாப் பயிர், இது தாளடிக்கான சேறு என்று காட்டுங்கள். இந்த மதகு எந்த ஆற்றிலிருந்து நீர் பெறுகிறது, எந்த ஊர் வரை போகிறது என்று வயலில் நிற்கும் பெரியவரிடம் அவர்களையே கேட்கச் சொல்லுங்கள். வரப்பில் நண்டு ஊர்ந்தால் கால் தூக்கி நடக்கக் கற்றுக்கொடுங்கள். இலையுதிர்காலம் என்னும் பாடத்தைப் பள்ளியில் எழுதி மதிப்பெண் பெறட்டும்; கூதிர் என்னும் நம் பருவத்தை இந்த மண்ணில் நடந்து தெரிந்துகொள்ளட்டும்.